வண்டி ஸ்டாண்டுச் சுவரில் விட்டில்கள்

"மேடம், அந்த விட்டில் சுவத்துக்கு எத்தனை மணிக்கு வந்தா லைட்டிங் நல்லா இருக்கும்?" என்று நேற்று பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். என் பழைய படத்தை முகநூலில் பார்த்தாராம். புதுக் கேமரா வாங்கியிருக்கிறாராம். பாவம், அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டேன்.

அந்தப் படம் எடுத்தபோது நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடிக்க, இருட்டோடு வண்டியை ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவேன். ஈரத்தலை, பாதித் தூக்கம், டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது, கொட்டாவிதான் வரும். ஸ்டாண்டின் வெள்ளைச் சுவரில் ஒரு பெரிய விளக்கு. மழை விட்ட நாட்களில் அதைச் சுற்றிச் சுவரே தெரியாத அளவுக்கு விட்டில்கள். இறக்கையில் கண் வரைந்தது ஒன்று, வெளிர் பச்சையில் வால் நீண்டது ஒன்று. நாற்பது படம் எடுத்தால் முப்பத்தெட்டில் என் கை நடுக்கம்தான் விழும்.

அங்கே பெருக்குகிற பாக்கியம் அக்கா நான் வரும்வரை சுவரைத் தட்டி விட்டில்களை விரட்ட மாட்டார். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு குந்திக்கினு கீதுங்க. பிளாஷ் போடாத, கண்ணு கூசும்" என்பார். சுரங்கத் தொழிலாளியின் மகள் அல்லவா!

ஒருநாள் படம் அற்புதமாக வந்தது. பெருமை தாங்காமல், ரயிலில் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'பாக்கியம் அக்கா எனக்காகத் தட்டாமல் விட்டுவைத்தது' என்று நன்றி வேறு. ஸ்டாண்டுக் குத்தகைக்காரரும் அந்தக் குழுவில் இருந்தார். தெரிந்தும் போட்டேன், என் புத்தி புல் மேயப் போயிருந்தது. உடனே ஒரு மகானுபாவர், 'காசு வாங்கறாங்களே, சுவத்தப் பெருக்க என்ன கேடு?' என்று எழுதினார். அதற்குப் பதினோரு கட்டைவிரல்கள். என் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவர்களும் அதில் உண்டு. வெட்கங்கெட்டவர்கள்.

மறுநாள் வேறொருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரரிடம் கத்தினேன். "போட்டோ போட்டது நீங்கதானே மேடம்?" என்றார். அந்த வாரமே சுவருக்கு டைல்ஸ் ஒட்டி, சாயங்காலம் தவறாமல் மருந்தடிக்கத் தொடங்கினார்கள். இன்றுவரை அங்கே ஒரு விட்டில்கூட உட்காருவதில்லை.

அக்காவின் வீட்டுக்குப் போனேன், நன்றாகத் திட்டட்டும் என்றுதான். திட்டவில்லை.

"அத்த உடு. அந்தப் போட்டோவ காட்டு."

கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினி நாளா எனுக்கு ஒன்னுகூட காட்டலியேம்மா நீ."