ஊசியால் வந்த தாடி

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம், மலாக்கா காஜா பேராங்கில் என்னைவிடப் பெரிய மடையன் யாரும் குடியிருக்கவில்லை. நாடே சொந்தக் காலில் நின்றுவிட்டது. நான் மட்டும் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்கு. நின்றுகொண்டே தூங்குவேன். முகத்தில் முடி என்று சொல்ல ஒன்றுமில்லை. முடிவெட்டுபவர் கத்தியைத் தீட்டும் நேரம்கூட என் கன்னத்துக்குச் செலவழித்ததில்லை. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. மனைவிதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி விரையைக் கெடுத்து, ஆண் ஹார்மோனைக் குறைத்துவிட்டதாம். ஊசி போட்டால் தெம்பு வரும், பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

என் அக்காவிடமும் மற்றவர்களிடமும் "சத்து ஊசி" என்று சொல்லி வைத்தேன். மனைவியும் என் மானத்துக்காக வாயைத் திறக்கவில்லை.

ஊசி வேலை செய்தது. தூக்கம் போனது, தோள் திரண்டது, தாடி வந்தது. கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவித் தடவி ரசித்தேன். அக்காவும் ரசித்தாள்.

"என் தம்பி சிங்கம் மாதிரி இருக்கான். குறை அவகிட்டதான்" என்று ஊரெல்லாம் சொன்னாள். என் தாடியே என் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நான் அதைச் சீவிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வாருங்கள் என்று புக்கிட் பாருவில் உள்ள தன் வீட்டுக்கு எங்களை அழைத்தாள் அக்கா. போனால், கிளேபாங்கிலிருந்து பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாம் தாரம் பேச.

மனைவி அடுப்படிக்குப் போனாள். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவளை அக்கா தடுத்தாள்.

"நீ தொடாத. நல்ல காரியம் நடக்குற இடம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"குறை எனக்குத்தான்க்கா. இந்தத் தாடிகூட டாக்டர் போட்ட ஊசி."

"வாய மூடுடா. வந்தவங்க முன்னாடி மானம் போவுது."

"நாலு வருசமா அவ மானம் போனப்ப எங்க இருந்த?"

வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசலில் பெண்ணின் தாய்மாமன் என்னை ஓரமாக இழுத்து, மெல்ல, "அது எந்த டாக்டர் தம்பி?" என்றார். அத்தனை ஆத்திரத்திலும் வழி சொன்னேன்.

இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அக்கா மேல் கொஞ்சம்தான். அவளுக்கு உண்மை தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்று அந்தப் புத்தி எனக்கு இல்லை. சைக்கிளின் பின்னால் மனைவியை உட்காரவைத்து, வெற்றி வீரன் மாதிரி மிதித்துக்கொண்டே கேட்டேன்:

"எப்படி உன் புருசன்?"

"இவ்ளோ நாளா அவன் எங்க போயிருந்தான்?"