தண்ணீரில் முடியும் வேலி

பிள்ளைகள் விடும் பிழைகளை நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் நெடுநாள் வழக்கம். விடை பிழை என்று மட்டும் எழுதுவதில்லை. எந்த எண்ணை எந்த எண்ணுடன் கூட்டினார்கள் என்பதையும் அப்படியே பார்த்து எழுதுவேன். ஆறாம் வகுப்புக்குச் சுற்றளவு கற்பித்த அந்த மூன்று கிழமையிலும் அப்படித்தான் எழுதினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பள்ளிக்கூடப் பிரதி அதிபர் ஆசிரியர் அறைக்கு வந்து, என் மேசையில் ஒரு தாளை வைத்தார். மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பட்டியலுக்கான தாள். வரிகள் வெறுமையாக இருந்தன. அதில் பெயர் ஏறும் பிள்ளை கணித பாட வேளையில் மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே தனியாகக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. பெரும்பாலும் படங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். போன பிள்ளைகளில் ஒருவரேனும் திரும்பி வந்து வகுப்போடு சேர்ந்துகொண்டதை நான் கண்டதில்லை.

"உங்கட வகுப்பில கடைசி வாங்கில இருக்கிற பிள்ளைக்கு இன்னும் சுற்றளவு பிடிபடல்லயாம்" என்றார். "பெயரைப் போடுங்க டீச்சர். வெள்ளிக்கிழமை அனுப்போணும்."

"வெள்ளி வரைக்கும் நாள் இருக்கு, சேர்."

"மூணு கிழமையில வராதது நாலு நாளில வருமா?"

எப்படி வரும் என்று எனக்கும் தெரியவில்லை. அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தடக்காமல் சொல்லும் பிள்ளை அவள். அப்படிப்பட்டவள் நான்கு எண்களைக் கூட்டத் தெரியாமல் இருப்பாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வீடு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். பள்ளிக்கூடம் மேற்கே, படுவான்கரையில். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் தினமும் போய் வருகிறேன். அன்று பின்னேரம் பாதையில் நின்றபடியே நாட்குறிப்பைப் புரட்டி, அவளுடைய பிழைகளை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். பன்னிரண்டுக்கு ஏழு செவ்வகம்: இருபத்தாறு. பக்கம் ஐந்து உள்ள சதுரம்: பதினைந்து. ஆறு, ஆறு, நான்கு முக்கோணி: பன்னிரண்டு. பத்துக்கு மூன்று செவ்வகம்: பதினாறு. அக்கரை வந்து சேர்வதற்குள் கண்டுகொண்டேன். ஒவ்வொரு படத்திலும் அடியில் கிடக்கும் பக்கத்தை அவள் விட்டிருந்தாள். கவனமில்லாத பிள்ளை இன்று ஒரு பக்கத்தை விடும், நாளை வேறொன்றை விடும். இவள் விட்டது எப்போதும் ஒரே பக்கம். அப்படியானால் அவளிடம் ஒரு காரணம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று, கொப்பியைத் திறந்து படத்தையே காட்டினாள். அதனால் வகுப்பு முழுவதற்கும் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். அவரவர் வீடு நிற்கும் வளவை அளந்து, படம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் நீளத்தை எழுதி வர வேண்டும். மற்றவர்கள் காலடியால் அளக்கலாம். அவளுக்கு மட்டும் ஒரு கயிறு கொடுத்தேன். இருபத்தைந்து மீற்றர் கயிறு. மீற்றருக்கு ஒரு முடிச்சு நானே போட்டிருந்தேன்.

புதன்கிழமை அவள் கொண்டுவந்த தாளில் மூன்று நேர்கோடுகள் இருந்தன. இடப்பக்கம் இருபத்தொன்று, மேலே பதினான்கு, வலப்பக்கம் இருபது. அடியில் கோடு இல்லை. பென்சிலால் அலை அலையாக எதையோ கீறியிருந்தாள். மொத்தம் ஐம்பத்தைந்து.

"இந்தப் பக்கத்துக்கு ஏன் எண் போடல்ல?"

"அது ஆறு, டீச்சர்."

வாவியைத்தான் சொல்கிறாள். இங்கே எல்லோருக்கும் அது ஆறுதான்.

"ஆறெண்டா அளக்கத் தேவையில்லையா?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "ஆத்துக்கு ஆரு டீச்சர் வேலி கட்டுற?"

வகுப்பு சிரித்தது. முன்வாங்கில் இருந்தவள் திரும்பி, "மீனெல்லாம் ஓடிருமெண்டு கட்டுவாங்க கா!" என்றாள்.

"நீ சிரிக்காத கா. உங்கட வேலியும் தண்ணிக்குள்ளதானே முடியிது."



நான் பாடக்குறிப்புக் கொப்பியை எடுத்து, மூன்று கிழமைக்கு முந்திய பக்கத்தைத் திறந்தேன். என் கையெழுத்தில் முதல் வரியே இதுதான்: 'வளவைச் சுற்றிப் போட்ட வேலியின் நீளமே சுற்றளவு.' எங்கள் வீட்டுக்கு நாலு பக்கமும் மதில். அதை நினைத்து எழுதிய வரி அது. வாவிக்கரை வளவுகளில் வேலி மூன்று பக்கம்தான். மாடு சுற்றி வராதபடி வேலியின் இரண்டு முனைகளையும் இடுப்பளவு தண்ணீர் வரை இறக்கியிருப்பார்கள், அவ்வளவே. முப்பத்தொரு பிள்ளைகளில் நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டவள் அவள் ஒருத்தி. அதற்காகத்தான் அவளை மண்டபத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அன்றைய நாட்குறிப்பில், பிழை விட்டவர் என்ற இடத்தில் என்னை எழுதிக்கொண்டேன்.

அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, வேலி என்ற சொல்லை அழித்தேன்.

"வேலியை விடுங்க. ஒரு மூலையில தொடங்கி, ஓரத்தாலயே போய், தொடங்கின இடத்துக்கே வந்து சேரணும். அது வரைக்கும் போன தூரம்தான் சுற்றளவு."

அவள் தன் படத்தில் விரலை வைத்து ஓட்டினாள். அலைகளுக்கு வந்ததும் விரல் நின்றது. "இதால நடக்கேலா டீச்சர். தண்ணி."

ஒரு கோட்டை நானே போட்டுக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. நான் போட்ட கோடு நான் சொன்ன வரியைப் போலத்தான் அவளுக்குள் போய் உட்காரும்.

"அப்ப எப்படி வந்து சேர்ற? யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

வியாழக்கிழமை மணி அடிக்குமுன்பே வகுப்பு வாசலில் நின்றாள். என் கயிறு நனைந்து, ஒரு பொலித்தீன் பையில் இருந்தது.

"தோணியில போனன் டீச்சர்."

"ஆரோட?"

"அம்மாவோட."

தகப்பன் வாழைச்சேனையில் மீன்பிடிப் படகில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அதனால் தாய் கம்பூன்றித் தோணியைத் தாங்கிச் செலுத்தியிருக்கிறார். வேலியின் கடைசிக் கம்பில் கயிற்றைக் கட்டி, அடுத்த பக்கத்துக் கடைசிக் கம்பு வரைக்கும் இவள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"அம்மா ஒண்டும் சொல்லல்லயா?"

"ஏசினா. கணக்கெண்டா கொப்பியில படி கா, ஆத்துக்குள்ள என்ன படிப்பு எண்டு."

"மறுகா?"

"மறுகா அவதான் முதல்ல கேட்டா, எத்தினை முடிச்செண்டு."

"எத்தினை?"

"பதினாலரை."

படத்தில் அலைகளை அழித்து, அடிமட்டம் வைத்து நேர்கோடு ஒன்று போட்டிருந்தாள். மொத்தம் அறுபத்தொன்பதரை. நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரி. பிறகு அவள் பிழை விட்ட பழைய நான்கு படங்களையும் வரைந்து கொடுத்தேன். முப்பத்தெட்டு, இருபது, பதினாறு, இருபத்தாறு. எதற்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியலை வெறுமையாகவே கொண்டுபோய்ப் பிரதி அதிபரிடம் கொடுத்தேன்.

"பெயர் இல்லயே."

"ஓம் சேர். இல்ல."

சொன்னதை உடனே நம்புகிறவர் அல்ல அவர். பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்ததும் ஒரு தாளில் செவ்வகம் வரைந்து, ஒன்பது, நான்கு என்று எழுதி நீட்டினார். அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சேர், வேலிக்கா, சுத்தளவுக்கா?"

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு அவளிடமே கேட்டார்.

"ரெண்டையும் சொல்லு பாப்பம்."

"அடியில ஆறெண்டா வேலிக்குப் பதினேழு. சுத்தளவு எண்டா எப்பவும் இருபத்தாறு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் தாளில் தானே கூட்டிப் பார்த்தார். பதினேழுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பட்டியலை இழுத்து, வெற்று வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்டார்.

"நான் போகவா டீச்சர்?" என்றாள்.

"எங்க?"

"வகுப்புக்கு."

"போ. இண்டைக்குப் பரப்பளவு தொடங்கிறம்."

அந்தப் பாடத்துக்கான குறிப்பை அன்று காலை பாதையில் வரும்போது மூன்று முறை வாசித்திருந்தேன். வேலி என்ற சொல் அதில் எங்கும் இல்லை.