கிள்ளானுக்கு ஒரு குழாய் உப்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து கிள்ளான் இருபது மைல். 1943இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஏழு என்பது ஜப்பான்காரன் மணி. அவன் ஊர் நேரத்தைத்தான் நாங்களும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. வெளியே கும்மிருட்டு. சூரியனுக்கு மட்டும் அவனால் உத்தரவு போட முடியவில்லை.

என் தம்பி மாணிக்கம் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவனையும் பிடித்துவிட்டார்கள். மூன்றே மாதம், காட்டில் கூடாரம், சமையல் அவரவர் பாடு என்று சொன்னார்களாம். சேதி கொண்டுவந்தவர் காதர் பாய். மஸ்ஜித் இந்தியா தெருக் கடைகளுக்கும் கிள்ளானுக்கும் லோரி ஓட்டுகிறவர்.

“வேற எது இல்லாட்டியும் அக்காவ உப்பு கொண்டாரச் சொல்லுங்கன்னிச்சும்மா தம்பி. அங்கேருந்து ஓடியாந்த ஆளு சொன்னானாம், கஞ்சி ஊத்துறானுங்க, உப்புதான் கெடையாது, வேர்த்து வேர்த்து ஆளுங்க சுருண்டு விழுவுறாங்கன்னு” என்றார்.

அவர்களை ஏற்றிப்போகும் ரயிலுக்கு ஐந்து நாள் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, ஊறவைத்து, வில்லை வில்லையாக அரிந்து, கூரைத் தகரத்தில் நான்கு நாள் காயப்போட்டேன். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காய வேண்டும். ஒன்று வளைந்தாலும் டின் முழுக்கப் பூசணம்தான். ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்ததைச் சிவக்க வறுத்து, பக்கத்து வீட்டு அஞ்சலையோடு சேர்ந்து இடித்தேன். அடுப்பு பற்றாத மழை நாளில் அந்த மாவைத் தண்ணீரில் கரைத்தே குடித்துவிடலாம். ஆற விட்டுத்தான் டின்னில் போட்டேன். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். புளியைக் கொட்டை நீக்கி, மிளகாய் சேர்த்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்தேன். ஓர் உருண்டைக்கு ஒரு சட்டி தண்ணீர், கொதித்தால் ரசம். கருவாடு கிடைக்கவில்லை. உப்பு இருந்தால் அல்லவா கருவாடு!

உப்புக்கு என் கல்யாணப் பட்டு போயிற்று. பட்டுக்கு மாற்றாகப் பால் டின்னால் ஒரு டின் உப்பு கொடுத்தான் கடைக்காரன். புளியோடு பிசைந்திருக்கலாம், எப்போதும் அப்படித்தான் செய்வேன். மழைக்காட்டில் உப்பு கசிந்து மற்றதையும் கெடுக்குமே என்று, எல்லாவற்றையும் உப்பில்லாமல் செய்து, உப்பை மட்டும் ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வாயை மெழுகால் பூசினேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எரிகிறது இப்போது நினைத்தால்.

லோரிக் கூலி, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் ஐந்து வெள்ளி. பெட்ரோல் ஏது, கரி போட்டு ஓட்டும் லோரி. பங்சார் ரப்பர் மரங்களைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றது. பெட்டாலிங் மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

“ரயில் போயிடுமா பாய்?”

“போவாதும்மா. பத்தரைக்குத்தான். நீ தள்ளுலா, பேசாம!”

ஒன்பதேகாலுக்குப் பத்து தீகா என்ற ஊரின் காவல் சாவடி. குனிந்து கும்பிட்டோம். சிப்பாய் டின்னைத் திறந்தான், ஒரு புளி உருண்டையை நக்கினான், முகம் சுளித்துத் துப்பினான். குழாய் என் இடுப்பில், சேலைக்குள் இருந்தது. உப்பைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள். போ என்று கை காட்டினான்.

பத்து இருபதுக்குக் கிள்ளான் ஸ்டேஷன். சாமான் பெட்டிகளில் ஆட்களை நெருக்கி அடைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது, கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. மாணிக்கம் என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கி ஓடிவந்தான். அடுப்புக்கரி ஒட்டிய என் கையைப் பார்த்துச் சிரித்தான், படுபாவி.

டின்னைக் கொடுத்தேன். “ஈரக் கைய உள்ள விடாதடா. மாவ மொதல்ல தின்னுடாத, அடுப்பு பத்தாத நாளைக்கு அது.”

“சரிக்கா, சரிக்கா. உப்பு?”

இடுப்பிலிருந்து குழாயை எடுத்தேன். அவன் கையை நீட்டினான். என் கை தானாகப் பின்னால் போயிற்று.

“உப்பக் கையில வாங்கக் கூடாதுடா. ஒறவு அறுந்துடும். கீழ வைக்கிறேன், எடுத்துக்க.”

“இங்க வந்துமாக்கா?” என்றான். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டான். எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா. பிளாட்பாரத்தில் அவன் காலடியில் வைத்தேன். டின்னை அணைத்தபடி அவன் குனிந்தான். அந்த நேரம் விசில் ஊதியது. துப்பாக்கிக் கட்டை அவன் முதுகில் விழுந்தது. இரண்டு சிப்பாய்கள் அவனைப் பெட்டிக்குள் நெட்டித் தள்ளினார்கள். கதவு ஒரு கை அகலம் விட்டு மூடியது.

குழாயைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். அந்த இடுக்கு வழியாக அவன் கை வெளியே வந்தது, விரல்களை விரித்தபடி. “குடுக்கா, கையிலயே குடு!” என்று கத்தினான். நான்கு அடி தூரம்தான் இருக்கும். சிப்பாய் என்னைக் கீழே தள்ளினான். எழுந்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. ஐயோ, அரை நிமிடம் என் கையில்தானே வைத்திருந்தேன்!

திரும்பும் வழியில் காதர் பாய் கேட்டார், “குடுத்துட்டியாம்மா?” டின்னைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் குழாயைப் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதே இருபது மைல், அதே மேடு. தள்ள என்னால் முடியவில்லை, லோரியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை.

மூன்று மாதம் போயிற்று, இரண்டு வருடமும் போயிற்று. அவன் வந்து கேட்பான் என்று குழாயைத் திறக்காமலே வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் உப்பில்லாமல் சப்பென்று கிழங்கைத் தின்றோம். சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனுக்குப் போனேன். கால் வீங்கியவர்கள், முகமே மாறிப்போனவர்கள் இறங்கினார்கள். அவனைத் தெரியும் என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை. பிறகு ரயில் வருவதும் நின்றுவிட்டது.

அந்த வாரம் அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். “ஒரு கை உப்பு இருக்குமாக்கா?” குழாயை எடுத்து மெழுகை உடைத்தேன். இறுகியிருந்தது, தட்டித் தட்டி எடுத்தேன். அவள் வழக்கம்போல் கொஞ்சம் தள்ளி நின்று, “கீழ வைங்கக்கா” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, விரலை விரித்து, உள்ளங்கையிலேயே கொட்டினேன்.