சைபர் பன்னண்டு

மாரிக்கண்ணன் பெயரை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பாண்டிச்செல்வி என்னைப் போல் கத்துகிறவள் இல்லை. அதனால்தான் அவளுக்கும் சேர்த்து நான் கத்துகிறேன்.

செல்விக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்துப் படிக்க வைத்தாள். விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 2004இல் நான் பில் போட்டுக்கொண்டிருந்த சிவகாசி கம்பெனிக்கு வந்தாள். கூடப் படித்த மாரிக்கண்ணனும் வந்தான். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். தீபாவளி சீசன் முடிந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு.

ஆர்டரையும் சரக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு ப்ரோகிராம் எழுதச் சொன்னார் முதலாளி. எழுதியது செல்வி. சரக்கைத் தேடி எடுக்கிற ஒரு பகுதி மட்டும் மாரிக்கண்ணன் பொறுப்பு. ஆனாலும் திறந்தவுடன் திரையில் இரண்டு பேர் பெயரும் வரும்படி வைத்தாள்.

"அவன் பேரு எதுக்குடி?" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதானே, ஷாஹிதாக்கா" என்று சிரித்தாள்.

எனக்குக் கம்ப்யூட்டர் சுத்தமாக ஓடாது. மேசையில் கிடந்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸைத் திறந்துவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"எண்ணு, எழுத்து, புள்ளி வச்ச எண்ணு, இதெல்லாம் தனித்தனிச் சரக்குக்கா. மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் மாதிரி. ஸ்ட்ரக்சர்ங்கிறது இந்தப் பெட்டி. சரக்கு பேருக்கு எழுத்து, எம்புட்டு இருக்குங்கிறதுக்கு எண்ணு, வெலைக்குப் புள்ளி வச்ச எண்ணு. எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. ஆனா எந்தக் குழியில எது போகும், எம்புட்டு எடம் வேணும்னு மொதல்லயே சொல்லிப்புடணும்."

"மாத்தி வச்சா?"

"சில சமயம் அப்பவும் பெட்டி மூடிக்கிடும். அதுதான் ஆபத்து. வெளிய தெரியாது."

எங்கள் கம்பெனியில் கம்பி மத்தாப்புக்கெல்லாம் சைபரில் தொடங்கும் கோடு நம்பர். பன்னிரண்டு சென்டிமீட்டர் மத்தாப்பு என்றால் 012. வானத்தில் வெடிக்கிற பன்னிரண்டு ஷாட்டுக்கு வெறும் 12. லோடு ஏற்றுகிறவர்கள் முதல் எல்லோருக்கும் 'சைபர் பன்னண்டு', 'பன்னண்டு' என்று வாயில் பழகிப்போனது. செல்வி அதனால் கோடு நம்பரை எழுத்தாகவே வைத்தாள்.

"பார்க்க எண்ணு மாதிரி இருக்கும், ஆனா எண்ணு இல்லக்கா. அத யாரும் கூட்டப்போறதில்லையே. எண்ணுன்னு வச்சா முன்னாடி இருக்கிற சைபர் காணாமப் போயிரும்."

இதை மாரிக்கண்ணனுக்கும் என் முன்னால்தான் சொன்னாள். அவனுக்கோ எழுத்தை ஒப்பிட்டுத் தேடும் வேலை பிடிபடவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவள் அம்மாவோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த அன்றைக்கு, கோடு நம்பரை எண்ணாக மாற்றிவிட்டான். அவன் பகுதி ஜோராக ஓடியது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்து இந்தூர் வியாபாரி மத்தாப்பு கேட்டார். 012 என்று அடித்தால் கம்ப்யூட்டர் 12 என்று எடுத்துக்கொண்டது. லாரி நிறைய பன்னிரண்டு ஷாட் போய் இறங்கியது. வியாபாரி போனில் பேசிய பேச்சில் முதலாளி முகம் கறுத்துவிட்டது.

செல்வி ப்ரோகிராமைத் திறந்ததும் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள்.

"இத நான் எண்ணா வைக்கல, மொதலாளி. மாரி, நீயே சொல்லு."

மாரிக்கண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கென்ன தெரியும்? எழுதுனவங்ககிட்டயே கேளுங்க, மொதலாளி" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். "நீங்க பில்லப் பாருங்க" என்று அடக்கிவிட்டார் முதலாளி. அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார். வெளியே லோடுகள் காத்துக் கிடந்தன. அவள் அழுதுகொண்டே சரிபண்ணினாள்.

"வேல போனதுகூட ஒண்ணுமில்லக்கா. அவன் வாயிலருந்து அது வந்துச்சே" என்றாள் படியிறங்கும்போது.

பரிசப் பேச்சு அப்படியே நின்றது. மாரிக்கண்ணன் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆனான். திரையில் அவன் பெயர் மட்டும் வந்தது. அவள் எழுதியதற்குத்தான் அவன் பெயர், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்வி திருத்தங்கலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போனாள். மறு வருஷ சீசனில் புதுச் சரக்குகளுக்கு நாலு இலக்கக் கோடு வந்தது. அவள் வைத்த குழியில் மூன்றுக்குத்தான் இடம். எதை எங்கே பெரிதாக்க வேண்டும் என்று மாரிக்கண்ணனுக்குத் தெரியவில்லை. நான் போனால் அவள் கேட்பாள் என்று முதலாளி என்னையும் அவனோடு அனுப்பினார்.

வகுப்பு வாசலில் நின்று, "செல்வி, அந்தக் கோடுக்கு எடம் பத்தல. கொஞ்சம் வந்து பாரேன். லோடெல்லாம் நிக்குது" என்றான்.

அவள் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "தெறந்ததும் யாரு பேரு வருது?"

"என் பேருதான்" என்றான்.

"எழுதுனவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நடையைக் கட்டினேன்.