அளவு கூடட்டும் என்று நினைத்தேன்

பிள்ளைகளே, தன் வீட்டுக் காற்றில் கெடுதல் இருக்கட்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? நான் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு வல்லம் வடகாலில் இருக்கிறது. பீடி வாடையே ஆகாத என் மனைவி நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனாள். அது ஏன் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சமயத்தில், மண்ணிலும் வீட்டுக் காற்றிலும் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சை அளந்து கட்டுரைகள் எழுதும் ஆராய்ச்சியாளர் அம்மா ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். அது அளவு மீறினால் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்று சொல்லி, கதிர்வீச்சு பதியும் பிலிம் வைத்த சின்ன டப்பா ஒன்றை எங்கள் அறையில் தொங்கவிட்டு, "மூணு மாசம் எப்பவும் போல இருங்கண்ணா" என்றார். நானோ, காற்று வெளியே போகாமல் அளவு கூடட்டும் என்று ஜன்னலைத் திறக்கவே இல்லை. அவள் சாவுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

முடிவைச் சொல்ல அவரே வந்தார். "பயப்பட ஒண்ணும் இல்லண்ணா. சாதாரண அளவுதான்."

"அப்ப என் பொண்டாட்டி இன்னாத்துக்கும்மா செத்தா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியலண்ணா. தெரியாதத நான் எழுத முடியாது" என்றார் மெதுவாக.

வாசற்படியில் என் மகள் நின்றிருந்தாள். டப்பா வந்த நாளிலிருந்து அவள் வெளியில்தான் படுத்தாள். புழுக்கத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

"அப்ப, உள்ள படுத்தா எனக்கு அம்மா மாதிரி ஆவாதாப்பா?" என்று கேட்டாள்.

அந்த ஆராய்ச்சியாளர் அம்மாதான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த வீட்டுக் காத்துனால ஒண்ணும் ஆகாது கண்ணு" என்றார்.

மனைவி ஏன் போனாள் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதையே தேடிக்கொண்டிருந்தவன், மகள் எதற்குப் பயப்படுகிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.