கோச் சித்தப்பாவுக்குப் பூக் கேட்ட நாள்

அந்தச் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் என் வலது கை அழுகி, முழங்கையோடு கழன்று கீழே விழுந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. விழுந்தால் எந்தப் பக்கம் விழும், நாய் தூக்கிப் போவதற்குள் எப்படி எடுப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். இடது கையால் சாப்பிட்டுப் பழகியும் பார்த்தேன். அதற்கு அம்மாவிடம் அந்தக் கையிலேயே ஓர் அடி வாங்கினேன்.

இப்போது என் மகன் செல்போனைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வெளிநாட்டு டீமின் புதுக் கோச்சுக்கு இன்னும் அவகாசம் கொடுக்கலாமா, துரத்திவிடலாமா என்று சிநேகிதர்களோடு மணிக்கணக்காகச் சண்டை போடுகிறான். அதைக் கேட்டாலே எனக்குக் கை மரத்துப்போகிறது. அந்தக் கேள்விக்கு ஒருமுறை தீர்ப்புச் சொன்னவன் நான்.

எங்கள் ஊர் இண்டூருக்குப் பக்கம். ஏரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அதுதான் ஃபுட்பால் கிரவுண்டு. எங்கள் பக்கம் வருடத்தில் முக்கால்வாசி மாதங்கள் அப்படிப்பட்டவைதான். ஊர் டீமுக்குப் பயிற்சி கொடுத்துவந்த டிரில் மாஸ்டர் மாற்றலாகிப் போனதும், விசில் என் சித்தப்பாவின் கழுத்துக்கு வந்தது. அவருக்கு இருந்த ஒரே தகுதி, பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று மேட்ச் பார்த்ததுதான். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தவர் மூன்று மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். பெங்களூரில் தூங்க விட்டிருக்க மாட்டார்கள், அதெல்லாம் பாக்கித் தூக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அப்பா, கிணற்றடி மோட்டார் கொட்டாயில் இருந்த பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கிவந்து வீட்டு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். வீட்டில் விஷமம் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால், எனக்குப் பயந்துதான் பூட்டுகிறார் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விசில் வந்த மறுநாள் சித்தப்பா கோழி கூவுமுன் எழுந்து குளித்துவிட்டு நின்றார். சாவி மட்டும் அப்பாவின் இடுப்பிலேயே இருந்தது.

கோச் வேலையை அவர் வேலை செய்துகொண்டேதான் கற்றுக்கொண்டார். யார் எங்கே நிற்பது என்பதை நிலக்கடலையைப் பரப்பி விளக்குவார். பின்வரிசையை விளக்கி முடிப்பதற்குள் முன்வரிசையை நான் தின்றிருப்பேன். ஆறு மாதத்தில் ஏழு ஆட்டம் ஆடி ஆறில் தோற்றோம். ஒன்று மட்டும் சமன். அன்றைக்கு எதிர் டீம் வந்த வேன் வழியில் நின்றுவிட்டதால் ஏழு பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடுதான் சமன்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. சித்தப்பா வரவில்லை, ஏரியில் தனியாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். டீமுக்குப் பனியன் வாங்கிக் கொடுத்த மளிகைக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார்.

“ராகி வெதச்சா நாலு மாசத்துல கதிரு வருதுங்க. ஆறு மாசமாவுது, இவருகிட்ட இருந்து ஒரு கோலு வரல.”

கோல்கீப்பரின் அப்பாதான் கோயில் பூசாரி. அவர் விடவில்லை. “மாங்கன்னு வச்சா நாலு வருசம் காத்துக்கிட்டுக் கெடக்கறோம் இல்லீங்களா? கோச்சுங்கறவன் மாங்கன்னுங்க.”

அவ்வளவுதான். ஊர் ராகிக் கட்சி, மாங்கன்றுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. ஃபுட்பாலைப் பற்றி அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராகியைப் பற்றியும் மாமரத்தைப் பற்றியும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. வாதம் சரிக்குச் சரியாக இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். தம்பிக்காகப் பேசப்போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

“கன்னா இருந்தா எல உடுமுங்க. இது மாடு கட்டற மொளக்குச்சி. இதுக்குத் தண்ணி ஊத்தி என்ன ஆவப்போவுது?”

எனக்கு அப்பாவை அன்றைக்குப் பிடிக்காமல் போயிற்று. பிறகு, மனிதர்களால் தீராததை அம்மனிடமே விட்டுவிடுவது, பூக் கேட்பது என்று முடிவாயிற்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, குளித்துவிட்டு வந்த ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சித்தப்பா இருப்பார், சிவப்பு வந்தால் விசிலைக் கழற்றித் தர வேண்டும். வழக்கமாகப் பொட்டலம் கட்டுவது பூசாரி. ஆனால் அவர் மாங்கன்றுக் கட்சி. சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல் நியாயம் பேசுகிறவர் அப்பா ஒருவர்தான் என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டு, கட்டும் வேலையை அவரிடம் கொடுத்தன. எடுக்கிற குழந்தைக்கு ஃபுட்பாலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது என்றார்கள். ஊரே என் பக்கம் திரும்பியது. அன்றைய கூட்டத்தில் ஒரே குரலாக எடுத்த முடிவு அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் சித்தப்பா எழவில்லை. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விசில் ஆணியில் தொங்கியது. அம்மா இரண்டு தரம் காப்பி கொண்டுவந்து வைத்தாள், இரண்டும் ஆறிப்போயின. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டு, இடுப்புச் சாவியை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏனென்று தெரியாமலே நான் மூன்று முறை கொல்லைக்குப் போய்வந்தேன்.

கோயிலில் பூசாரி என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, காதோரம் குனிந்தார்.

“மனசுல ஒன்னும் நெனைக்காம எடுக்கணும் சாமி. நெனச்சு எடுத்தீன்னா கை அழுவிப் போவும்.”

இதை அவர் முந்தின நாளே சொல்லியிருக்கலாம். ஒன்றும் நினைக்கக் கூடாது என்றதும், பிறந்ததிலிருந்து நான் நினைக்காததெல்லாம் வரிசையில் வந்து நின்றது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஆறிப்போன இரண்டு காப்பி. வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று மனசு கூவுகிறது. நான் அதன் வாயைப் பொத்தப் பார்க்கிறேன். பம்பை அடிக்கத் தொடங்கினார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாய்ந்தேன்.

கண்ணைத் திறந்தபோது என் இரண்டு கையிலும் ஒவ்வொரு பொட்டலம் இருந்தது.

அம்மனிடம் இப்படிப் பேராசைப்பட்டவன் எங்கள் ஊர் வரலாற்றிலேயே இருந்திருக்க மாட்டான். பயத்தில் இடது கை தானாகவே டவுசர் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. வலது கையை நீட்டினேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

மாங்கன்றுக் கட்சி குலவையிட்டது. மளிகைக்கடைக்காரர்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த இரைச்சலில் மற்றப் பொட்டலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் அம்மன் காலடியில் மண்டியிட்டு, பூக்குவியலை விலக்கி விலக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. வாழ்நாளில் அப்பா இவ்வளவு பக்தியாக இருந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து பாக்கெட்டிலிருந்ததைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

நான் நினைத்ததை அம்மன் கண்டுபிடித்துவிட்டாள், செவ்வரளியின் ரத்தத்தையே உறிஞ்சி வெளுக்க வைத்து எனக்குக் காட்டுகிறாள், அடுத்தது என் கைதான். விரல் நுனி வெளுக்கிறதா என்று பார்த்தேன். வெளுத்த மாதிரியேதான் இருந்தது. பொழுது சாயும் நேரம் வரைக்கும் தாங்கினேன். பிறகு அப்பாவிடம் போய் அழுதுகொண்டே பூவையும் கையையும் சேர்த்து நீட்டினேன்.

அப்பா பூவை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். என் கையை மட்டும் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

“கை நல்லாத்தான் இருக்குது. இத யாருகிட்டயும் சொல்லாத. போயி எருமைக்குத் தண்ணி காட்டு.”

அப்பாவுக்கும் அம்மன் மேல் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கோயில் இருந்த திசையைப் பார்த்து அவர் ஏன் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்?

அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஏரிப் பக்கமிருந்து சித்தப்பாவின் விசில் கேட்டது. அப்பா இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து, மரப்பெட்டியைத் திறந்து, பூச்சிமருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குப் போனார்.