விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

ஒன்றைக் கண்ட பிறகு காணாதவராக எவ்வளவு நேரம் இருந்துவிட முடியும்? ஒரு தையல்காரியிடம் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில்.

முப்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். கணவர் தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். விழாத குறையாக நின்ற நூற்று நாற்பது வயது வீட்டை இருவரும் வாங்கியபோது அவளுடைய தங்கை, "ரெண்டு பேருக்கும் கழண்டுபோச்சா?" என்று கேட்டாள். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. கதவுகளில் இருந்த பதினொரு பூச்சுப் பெயிண்டைச் சுரண்டியே அவள் விரல்கள் காய்த்துப்போயிருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை முதல்முறையாகப் பார்வையாளர்களுக்குத் திறக்க வேண்டும்.

தோட்டத்துக்கு ஒரே பாதைதான். அது இரண்டு ஆள் உயரக் கிழக்குச் சுவரை ஒட்டிப் போனது. அங்கே நின்ற அத்தி மரத்தின் வேர் சுவரை விரிசல் விட வைத்திருந்தது. சுவரைச் சோதிக்க வந்த பொறியாளர் எப்போதும் உருப்பெருக்கியும் கையுமாக வருவார். அதனால் இவர்கள் வைத்த பெயர் லென்ஸ். ஆறு மாதத்துக்கு முன் அவர் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, கண்ணாடி மேல் மையால் தேதி எழுதினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஆறு மாதம் உடையாமல் இருந்தால் தோட்டத்தைத் திறக்கலாம். உடைந்தால் பாதையை மூடி, மரத்தை வெட்டியே ஆக வேண்டும்.

"மரத்த வெட்டினா நானும் இந்த வீட்ல இருக்கமாட்டேன்" என்று கண்ணாடி ஒட்டிய அன்றே அவள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு போனவள் சுவரோரம் அப்படியே நின்றாள். கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் பூசிய சாந்தில் விரலை வைத்தால் பதிந்தது. தேதியிலிருந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு வேறு. தபால் பிரித்த பழக்கத்தில் அப்படி ஏழு போடுகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

கணவர் வாசலில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சுவரைப் பார்த்தீங்களா?"

"பார்க்க என்ன இருக்கு? ஆறு மாசமா அப்படியேதான் இருக்கு." துடைத்த பெஞ்சையே திரும்பத் துடைத்தார்.

"நிஜமாவா?"

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா போலீஸ்காரி மாதிரி கேக்கற? போய் டீ போடு, லென்ஸ் வந்துடுவாரு."

அவர் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது.

அவள் டீ போடப் போகவில்லை. சுவரடிக்குத் திரும்பினாள். நகத்தால் ஏழின் கோட்டைச் சுரண்டி எடுத்தாள். காய்ந்த மண்ணைக் கிள்ளி ஈரச் சாந்தின் மேல் தடவினாள்.

ஒன்பதரைக்கு லென்ஸ் வந்தார். "என்ன சார், மாப்பிள்ளை மாதிரி வேர்த்துக் கொட்டுது?" என்று கணவரைச் சீண்டிவிட்டுக் கண்ணாடியை நோக்கிக் குனிந்தார். ஒரு முனை, நடு, மறுமுனை. மறுமுனையில் அவர் கை நின்றது.

"ஏம்மா, யாரும் இதத் தொடலையே?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"தொடல" என்றாள்.

லென்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வயசானாலும் உங்க சுவர் கெட்டிதான்" என்று சொல்லி அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். ஒருத்தி தோளில் இருந்த குழந்தைக்கு அத்தி மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரோரமாகத்தான் எல்லோரும் நடந்து வர வேண்டும். கணவர் தாழ்ப்பாளில் கை வைத்தபோது அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்குத் தோட்டம் இல்லைங்க. மன்னிச்சுக்கோங்க."

"தெருத்தெருவா நோட்டீஸ் ஒட்டிட்டு இப்ப இல்லன்னா?" என்று ஒருவர் கத்தினார். அவள் பூட்டைப் போட்டாள். அங்கேயே நின்று மரம் வெட்டுகிறவருக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலைல வந்துடுங்க. அத்தி மரம். ஆமா, அடியோட."

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உனக்காகத்தானே செஞ்சேன். வெட்டறதுன்னா லென்ஸ் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே? தொடலன்னு நீதானே சொன்ன?"

அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருவரும் அந்த வீட்டில் வாழ்ந்த பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை.